ஹியூகோ ராக்கெட்டின் அடிப்பக்கம்

ஆண்டுதோறும் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் ஹியூகோ விருது கொடுக்கிறார்கள். வென்றவர் மேடையில் தூக்கிப் பிடிக்கும்போது எல்லோரும் பார்ப்பது பளபளக்கும் ராக்கெட்டைத்தான். எனக்கு வாய்த்தது அதன் அடிப்பக்கம். 2024 ஆகஸ்டில் மாநாடு கிளாஸ்கோவில் நடந்தது. பழைய ஆண்டுகளின் கோப்பைகளைக் கண்காட்சி மேசையில் அடுக்கவும், முடிந்ததும் பெட்டியில் போடவும் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூர் ஃபவுண்ட்ரியில் தொழில் கற்றவன், இப்போது பர்மிங்காம் பக்கம் வார்ப்புச் சாமான்களுக்குத் தரப் பரிசோதனை பார்க்கிறவன் என்று சொன்னேன். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை.

வாசகர் கூட்டங்களுக்கு விருது செய்யும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் பெரும்பாலும் அது கடைசி வாரத்தில் கடைக்குப் போய் அக்ரிலிக் ஷீல்டு வாங்கிப் பெயர் ஒட்டுவதில் முடியும். ஹியூகோவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த பிறகு, நல்ல விருது எப்படி உருவாகிறது என்பது பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டாயின. அவற்றை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. வேர்ல்ட்கான் என்று சொல்லப்படும் இந்த மாநாடு 1939இல் நியூயார்க்கில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில ஆண்டுகள் நின்றது தவிர, இன்றுவரை தொடர்கிறது. நடத்துகிறவர்கள் ரசிகர்கள், சம்பளம் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் வேறு ஊர், வேறு குழு. அடுத்தடுத்த மாநாடு எந்த ஊரில் என்பதையும் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். உலக அறிவியல் புனைகதைச் சங்கம் என்ற பெயரில் ஓர் அமைப்பு உண்டு. அதற்கென்று நிரந்தர அலுவலகமோ மேலாளரோ இல்லை. இருப்பது ஒரு விதித்தொகுப்பும், ஆண்டுதோறும் கூடி அதைத் திருத்தும் பொதுக்குழுவும்தான். விருதுக்குப் பெயர் கொடுத்த ஹியூகோ கெர்ன்ஸ்பேக், 1926இல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற இதழைத் தொடங்கியவர்.

முதல் விருது 1953இல், பிலடெல்பியாவில். யோசனை ஒரு ரசிகருடையது. செய்து முடிக்கும் பொறுப்பு ஜாக் மெக்நைட் என்ற மெஷினிஸ்ட் தலையில் விழுந்தது. அந்தக் காலத்து ஓல்ட்ஸ்மொபைல் ‘ராக்கெட் 88’ காரின் பானெட் முனையில் ராக்கெட் வடிவில் ஓர் அலங்காரம் இருக்கும். அதை வாங்கி ஒரு மரக்கட்டையில் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்பதுதான் முதல் கணக்கு. வாங்கிப் பார்த்தால் அடிப்பக்கம் பொள்ளல். காரின் மேல் படுத்துக் கிடக்கச் செய்த சாமான், நிமிர்த்தி நிறுத்தினால் முதுகுப் பக்கம் வெற்றாகத் தெரியும். மெக்நைட் தன் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கடைந்து, இறக்கைகளைப் பற்றவைத்து, ராக்கெட்டுகளைத் தானே செய்தார். அதற்குள் மாநாடு தொடங்கிவிட்டது. ஊரே கூடிப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, மனுஷன் மாநாட்டின் பெரும்பகுதியைப் பார்க்காமல் லேத் முன்னால் நின்றிருக்கிறார். இதைப் பதிவு செய்தவர் அவருடைய மகள் பெகி ரே சபியென்சா. 1998இல் பால்டிமோரில் நடந்த வேர்ல்ட்கானுக்கு அவரே தலைவராக இருந்தார்.

எனக்கு இந்தக் கதை பிடித்ததற்குக் காரணம் தியாகம் கியாகம் எல்லாம் இல்லை. விருது செய்யும் வேலையை ஏற்றுக்கொள்கிறவர் அந்த விழாவைப் பார்க்க முடியாது என்பது எழுபது ஆண்டுகளாக மாறாத நடைமுறை உண்மை. ஆகவே உங்கள் குழுவில் விருதுப் பொறுப்பை யாருக்காவது கொடுத்தால், தயவுசெய்து அவரையே வரவேற்புக்கும் சாப்பாட்டுக்கும் போடாதீர்கள்.

1954இல் விருதே தரவில்லை. 1955இல் கிளீவ்லாந்தில் மறுபடி தொடங்கியபோது பென் ஜேசன் என்ற ரசிகர், மெக்நைட்டின் வடிவத்தை ஒட்டி ஒரு மாதிரி வரைந்து அந்த ஊர் வெண்கலப் பட்டறை ஒன்றில் வார்க்கக் கொடுத்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் நடத்தியவர்கள் பழையபடி கார் அலங்காரத்துக்கே போனார்கள். அந்தப் பொள்ளல் பிரச்சினை அப்படியேதான் இருந்தது. 1958இல் ராக்கெட்டே இல்லாமல் பட்டயம் மட்டும் கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஒரு குழு என்றால் ஆண்டுக்கு ஒரு வடிவம் என்று ஆகிவிடும் அபாயம் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது.

அதற்கு அவர்கள் கண்ட தீர்வுதான் இந்தக் கட்டுரையை நான் எழுத முக்கியக் காரணம். சங்கத்தின் விதித்தொகுப்பில் கோப்பை பற்றி இருப்பது மிகச் சில வரிகள். ராக்கெட் எப்போதும் மெக்நைட், ஜேசன் வடிவத்திலேயே இருக்க வேண்டும். பீடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டுக் குழு முடிவு செய்துகொள்ளலாம். அவ்வளவுதான். எடை பற்றிப் பேச்சில்லை, பொருள் பற்றிப் பேச்சில்லை.

இப்படி மேலே உள்ளதைக் கட்டிப்போட்டு, கீழே உள்ளதை அவிழ்த்துவிட்டதால் என்ன நடந்தது என்பதை மேசையில் அடுக்கும்போது கண்ணால் பார்த்தேன். 1992இல் மாநாடு புளோரிடாவில். கேப் கனாவரல் ஏவுதளக் கோபுரத்திலிருந்து கழித்த உலோகத் துண்டைப் பீடத்தில் பதித்திருந்தார்கள். உண்மையான ராக்கெட் ஏறிப்போன இடத்து இரும்பு! 2007இல் யோகோஹாமா. ஃபூஜி மலையும், பக்கத்தில் ராக்கெட் உயரத்துக்கே ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரின் நாயகன் அல்ட்ராமேனும் நிற்கிறார். விருது கொடுக்கிற இடத்தில் தொலைக்காட்சிப் பொம்மையா என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டாம். எனக்கு இருப்பதிலேயே பிடித்தது அதுதான். பார்த்த நொடியில் ஊர் தெரிந்துவிடும். 2013இல் சான் அன்டோனியோவுக்கு வின்சென்ட் வில்லாஃப்ராங்கா வெண்கலத்தில் பீடம் செய்தார். 2014இல் லண்டனுக்குக் கண்ணாடிச் சிற்பி ஜாய் அலிஸா டே. 2019இல் டப்ளினுக்கு ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக். செகுவேராவின் சிவப்பும் கறுப்புமான அந்த உலகப் புகழ் பெற்ற போஸ்டரை வரைந்தவர் இவர்தான். இத்தனையும் அக்கம்பக்கம் நிற்கும்போது பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே விருதின் பிள்ளைகள் என்று தெரிகிறது. காரணம், மேலே அந்த ராக்கெட் அசையாமல் இருக்கிறது.

ராக்கெட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், அது என் தொழில். 1984இலிருந்து கிட்டத்தட்ட எல்லா ஆண்டு ராக்கெட்டுகளையும் செய்து கொடுத்தவர் பீட்டர் வெஸ்டன். பர்மிங்காம்காரர். ‘ஸ்பெகுலேஷன்’ என்ற ரசிகர் இதழ் நடத்தியவர், 1979இல் பிரைட்டனில் நடந்த வேர்ல்ட்கானுக்குத் தலைவர். பிழைப்புக்குக் கார் உதிரிபாகம் செய்யும் டை காஸ்டிங் தொழில், அதாவது உருகிய உலோகத்தை அழுத்தி இரும்பு அச்சுக்குள் செலுத்தி வார்ப்பது. கார் பாகத்தில் தொடங்கிய யோசனை, சுற்றிச் சுற்றிக் கடைசியில் கார் பாகம் செய்கிறவர் கைக்கே வந்து சேர்ந்தது. 2017 ஜனவரியில் அவர் இறந்தார். நான் இங்கே வேலைக்கு வந்த பிறகும் சில ஆண்டுகள் இருந்தவர், அதே ஊர், அதே தொழில். சந்திக்க வாய்க்கவில்லை.

ராக்கெட் சுமார் 13 அங்குல உயரம். கையில் எடுத்தால் பார்த்ததைவிடக் கனக்கும். மேசை விளக்கில் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சில படங்களை எடுத்து, கோவையில் கணபதி என்ற பகுதியில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே போன்.

“பார்ட்டிங் லைனே காணமே தம்பி. பஃபிங்ல எடுத்துப்போட்டாங்களாட்ட இருக்குது.” அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் வார்ப்பின் மேல் விழும் கோடுதான் பார்ட்டிங் லைன். சுழலும் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது பஃபிங்.

“ஆமாங்ணா. இறக்கை சேர்ற மூலையில்கூடத் தெரியலீங்க.”

“மூலைதான் வேலையே. வீல் உள்ள போகாது, கையிலதான் தேய்க்கோணும். குரோம் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு பொட்டு பின் ஹோல் இருந்தாலும் பின்னாடி ஊரே பாக்கும். ஆமா, இது எந்த சாமிக்குங்க?”

விருது என்று விளக்கினேன். கதை எழுதுகிறவர்களுக்கா இவ்வளவு பாலிஷ் என்றார்.

அவர் சொன்ன பின் ஹோல் விஷயம் விருது செய்ய நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. குரோம் பூச்சு குறையை மூடாது, பெரிதாக்கிக் காட்டும். வார்ப்பில் ஊசிமுனை அளவு காற்றுத் துளை இருந்தால் பிளேட்டிங் தொட்டியின் ரசாயனம் அதற்குள் தங்கி, சில மாதம் கழித்துக் கொப்புளமாக வெளியே வரும். கொடுத்த அன்று ஜொலிக்கும், ஆண்டு முடிவதற்குள் அம்மை வார்த்த முகம். குறைந்த செலவில் சின்ன எண்ணிக்கையில் செய்கிறீர்கள் என்றால் குரோம் பக்கமே போகாதீர்கள். பித்தளையிலோ வெண்கலத்திலோ வார்த்து, மேட் ஃபினிஷில் விட்டு, மேலே மெழுகு தடவிவிடுங்கள். கைபட்டு நிறம் மாறினாலும் அழகாகவே மாறும்.

இனி அடிப்பக்கம். கோப்பையைத் தலைகீழாகப் பார்த்தால்தான் செய்தவரின் புத்தி தெரியும். ராக்கெட்டின் அடியில் மரைத் துளை, பீடத்தின் கீழிருந்து போல்ட் ஏறி அதைப் பிடிக்கிறது. இதில் எங்கேயும் வரும் கோளாறு ஒன்றுதான்: ஒற்றை போல்ட்டில் நிற்கும் எதுவும் கொஞ்ச நாளில் சுழலத் தொடங்கும். விழா மேடையில் வாங்குகிறவர் இயல்பாக ராக்கெட்டின் இடுப்பைப் பிடித்துத்தான் தூக்குவார். பீடத்தின் எடை முழுதும் அந்த மரையில் தொங்கும். ஸ்பிரிங் வாஷர் போட்டால் கொஞ்சம் தாங்கும். சரியான வழி, போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லொகேட்டிங் பின், அதாவது ராக்கெட்டும் பீடமும் இடம் மாறாமல் பிடிக்கும் குச்சி. ஒரு பின் இருந்தால் சுழற்சி நின்றுவிடும். போல்ட் தலை பீடத்துக்குள் புதைந்திருக்க வேண்டும், அதன் மேல் ஃபெல்ட் துணி. ஃபெல்ட்டை முழுதாக ஒட்டாமல் போல்ட் இருக்கும் இடத்தில் வட்டமாக வெட்டி விடுங்கள். பின்னால் யாராவது கழற்றி முறுக்க வேண்டிவரும்.

எடை விஷயத்தில் ஒரே விதிதான் எனக்கு: கீழே கனம், மேலே இலகு. கண்ணாடிப் பீடமும் மரப் பீடமும் அழகுதான், ஆனால் மேலே உலோகம் நின்றால் எடையின் மையம் மேலே ஏறிவிடும். மேசையில் யாராவது முழங்கை இடித்தால் போதும். அகலமான பீடம், அல்லது பீடத்துக்குள் ஓர் ஈயத் தகடு.

கையுறை பற்றி ஒரு சண்டையே உண்டு. அருங்காட்சியகப் படங்களில் வெள்ளைப் பருத்திக் கையுறையைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் அதுதான் முறை என்று நினைக்கிறார்கள். பாலிஷ் போட்ட உலோகத்தில் பருத்தி வழுக்கும். கனமான, கூம்பு வடிவச் சாமானுக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. நைட்ரைல் கையுறை போடுங்கள், ஒரு கை பீடத்தின் அடியில், ஒரு கை உடம்பில். ராக்கெட்டை மட்டும் பிடித்துத் தூக்கவே கூடாது. பக்கத்து மேசையில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து அம்மையார் ஒருவர், எழுபது வயது இருக்கும், வெறும் கையால்தான் எடுத்தார். கை சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால் வெறும் கையே மேல், பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அவர் கையிலிருந்து எதுவும் விழவில்லை என்பதால் நான் வாதாடவில்லை.

எத்தனை செய்வது என்ற கேள்வி பார்க்கச் சுலபம், உள்ளே போனால் தலைவலி. பத்துப் பதினைந்து பிரிவு இருந்தால் அத்தனை கோப்பை போதும் என்று தோன்றும். ஆனால் பத்திரிகைப் பிரிவில் ஆசிரியர்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள். படக்கதை என்றால் எழுதியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர். பிறகு சம ஓட்டு. 1966இல் சிறந்த நாவலுக்கு ஃபிராங்க் ஹெர்பெர்ட்டும் ரோஜர் ஜெலாஸ்னியும் பகிர்ந்துகொண்டார்கள். 1993இல் வெர்னர் விஞ்சும் கோனி வில்லிஸும். 2010இல் பாவ்லோ பாசிகலூபியும் சைனா மியேவிலும். இத்தனைக்கும் ஓட்டு எண்ணி முடிவு தெரியும்வரை காத்திருக்கவும் முடியாது, பீடம் செய்ய மாதக்கணக்கில் ஆகும். இங்கேதான் ராக்கெட்டை மாற்றாமல் வைத்திருப்பதன் லாபம் புரிகிறது. ராக்கெட்டில் ஆண்டும் இல்லை, பெயரும் இல்லை. கூடுதலாக வார்த்து வைத்தால் மீந்தது அடுத்த ஆண்டுக்கு ஆகும். மீந்தால் வீணாவது பீடம் மட்டும்தான். ஆகவே உங்கள் விருதில் ஆண்டைச் சொல்லும் எதையும் வார்ப்புப் பகுதியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அச்சு செய்யத்தான் பணம், அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு வார்ப்புக்கும் செலவு குறைவு.

பெயர்த் தகட்டை ஒட்டாதீர்கள், திருகாணி போட்டுப் பொருத்துங்கள். பெயர் தப்பாகப் போகாத விழா உலகத்தில் இல்லை. ரகசியம் காக்க வேண்டும் என்றால் இரண்டு வழி: இறுதிப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் தகடு வெட்டிவைத்து வென்றவருடையதை மட்டும் மாட்டுவது, அல்லது விழாவில் வெறுமனே கொடுத்துவிட்டுத் தகட்டைப் பிறகு அனுப்புவது. முதல் வழியில் தோற்றவர்களின் தகடுகளை அன்று இரவே யாராவது பொறுப்பாக அழித்துவிட வேண்டும். மறந்துவிட்டால் எங்காவது குப்பைத்தொட்டியில் இருந்து எடுத்து வருவார்கள், எனக்குத் தெரிந்த ரசிகர்கள் அப்படிப்பட்டவர்கள்.

உருவம் எது என்று தேர்வு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். மனித முகம் வேண்டாம். உலக மிகுபுனைவு (ஃபேன்டஸி) விருதுக்கு 1975இலிருந்து திகில் கதை எழுத்தாளர் ஹெச்.பி. லவ்கிராஃப்டின் தலைச்சிலையைக் கொடுத்துவந்தார்கள், கார்ட்டூனிஸ்ட் கேஹன் வில்சன் செய்தது. லவ்கிராஃப்டின் எழுத்திலும் கடிதங்களிலும் இருந்த நிறவெறி ஊரறிந்தது. அந்த விருதை வென்ற நைஜீரிய வம்சாவளி எழுத்தாளர் நெடி ஒகோராஃபோர், தன்னையும் தன் மக்களையும் இழிவாக நினைத்த ஒருவரின் தலையை வீட்டில் வைத்திருப்பது பற்றி 2011இல் வெளிப்படையாக எழுதினார். 2015க்குப் பிறகு அந்தச் சிலை நிறுத்தப்பட்டது. இப்போது கொடுப்பது, முழுநிலவைத் தாங்கி நிற்கும் ஒரு மரம். செய்தவர் சான் அன்டோனியோ ஹியூகோ பீடத்தைச் செய்த அதே வில்லாஃப்ராங்காதான். ராக்கெட்டின் மேல் யாருக்கும் இப்படி ஒரு கோபம் வராது. நம் ஊரிலும் முன்னோடி ஒருவரின் மார்பளவுச் சிலையைத்தான் முதலில் யோசிப்போம். முப்பது ஆண்டு கழித்து அவரைப் பற்றி என்ன கடிதம் வெளிவரும் என்று யார் கண்டது?

கோப்பை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓட்டு சரியில்லை என்றால் அது வெறும் பித்தளை. இதிலும் ஹியூகோவிடம் நல்லதும் கெட்டதும் இருக்கின்றன. ஓட்டுச் சீட்டில் ஒவ்வொரு பிரிவிலும் ‘விருது யாருக்கும் இல்லை’ என்றும் ஒரு வரி உண்டு. 2015இல் ஓர் அணி திட்டம்போட்டுத் தன் ஆட்களையே பட்டியலில் நிரப்பியபோது, உறுப்பினர்கள் ஐந்து பிரிவுகளில் அந்த வரிக்கே ஓட்டுப் போட்டார்கள். ஐந்து ராக்கெட்டுகள் மேடை ஏறவில்லை. அதே ஆண்டு, விருது கிடைக்காதவர்களுக்கென்று நடக்கும் ‘தோற்றவர்கள் விருந்தில்’ எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் தன் கைக்காசில் ‘ஆல்ஃபி’ என்று ஒரு விருது கொடுத்தார். 1953இல் முதல் நாவல் ஹியூகோவை வென்ற ஆல்ஃபிரட் பெஸ்டரின் பெயரில். அதற்கு அவர் தேடி எடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? பழைய கார்களின் ராக்கெட் வடிவ பானெட் அலங்காரங்கள். மெக்நைட் ஒதுக்கிவைத்த யோசனைக்கு அறுபது ஆண்டு கழித்து மறுபடி வேலை வந்தது. அந்த விருந்து மரபையே 1976இல் கான்சாஸ் சிட்டியில் தொடங்கியவர் மார்ட்டின்தான், கூட எழுத்தாளர் கார்ட்னர் டோஸ்வா. என்னைக் கேட்டால், தோற்றவர்களுக்கு ஒரு விருந்து என்பது எல்லா விருதுக் குழுவும் காப்பியடிக்க வேண்டிய ஏற்பாடு. வென்றவரைவிட அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

2023இல் சீனாவின் செங்டுவில் நடந்தது வேறு. தகுதியிருந்த சிலரைக் காரணம் சொல்லாமல் பட்டியலிலிருந்து நீக்கியது பின்னால் புள்ளிவிவரம் வெளியானபோது தெரியவந்து, பெரிய ரகளையானது. அடுத்த ஆண்டு கிளாஸ்கோ குழு விழாவுக்கு முன்பே ஓர் அறிக்கை விட்டது: சந்தேகத்துக்குரிய 377 ஓட்டுகளைத் தள்ளிவிட்டோம், காரணம் இது, இதனால் பயனடைந்திருக்கக்கூடியவருக்கு இதில் பங்கு இருப்பதாகக் காட்ட எதுவும் இல்லை என்று. கண்காட்சி மேசைக்கு வந்தவர்கள் ராக்கெட்டைப் பற்றிக் கேட்டதைவிட அந்த 377ஐப் பற்றிப் பேசியதுதான் அதிகம். எண்ணிக்கை, காரணம், தேதி மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டதால் பேச்சு கோபமாக இல்லாமல் ஆர்வமாக இருந்தது.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 2026 வேர்ல்ட்கான் ஆகஸ்ட் 27 முதல் 31 வரை கலிபோர்னியாவின் அனஹைமில், அதற்கடுத்தது மொன்றியலில். பெரும்பாலான மாநாடுகளில் பழைய கோப்பைகள் காட்சிக்கு இருக்கும். போக முடியாவிட்டாலும் ஐம்பது டாலர் பக்கத்தில் சங்க உறுப்பினராகி வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். இறுதிப் பட்டியலில் உள்ள படைப்புகளில் பலவற்றை மின்னூலாக அனுப்புவார்கள், கொடுத்த காசுக்கு அதுவே போதும்.

கிளாஸ்கோவிலிருந்து திரும்பியதும், நாங்கள் சிலர் கூடிப் படிக்கும் தமிழ் வாசகர் வட்டத்தில் ஒரு சின்ன விருது செய்யலாம் என்று பேச்சு வந்தது. ஆண்டுக்கு ஒன்று, ஒரே பிரிவு. மாறாத பகுதிக்கு எழுத்தாணி என்று முடிவானது. கோவை அண்ணன் மணல் அச்சில் பித்தளையில் வார்த்துக் கொடுத்தார். முனையை மட்டும் மழுங்கலாக வைக்கச் சொன்னேன். கூரான உலோகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமான நிலையப் பரிசோதனையில் விளக்கம் சொல்ல யாருக்கும் பொறுமை இருக்காது. மழுங்கலாக இருந்தாலும் பெரிய பெட்டியில் போட்டுச் சரக்கில் அனுப்புவதே நல்லது. வார்ப்பும் பீடமும் தனித்தனியாக, நடுவில் வெட்டிய ஃபோம், மேலே இது என்ன என்று ஒரு பக்கக் கடிதமும் படமும். இரண்டையும் சேர்த்து மாட்டியே அனுப்பினால் போல்ட் கழுத்தில்தான் முறியும்.

பீடம் ஆண்டுக்கு ஒருவர் கையில். இந்த முறை வட்டத்தில் ஒருவர் வேல்ஸிலிருந்து ஸ்லேட் கல் கொண்டுவந்தார். கூரை வேயப் பயன்படும் கறுஞ்சாம்பல் கல், மெல்லிய பாளம் பாளமாகப் பிரியும். எழுத்தாணியின் பித்தளை நிறத்துக்கு நன்றாக எடுத்துக்கொடுத்தது. ஸ்லேட்டில் துளை போடுகிறவர்கள் அழகான முகத்தை மேலே வைத்து, அந்தப் பக்கமிருந்தே டிரில் இறக்குங்கள். அடியில் ஒரு மரக்கட்டையை இறுகப் பிடித்து வையுங்கள். டிரில்லை இடித்து ஓட்டும் ஹேமர் முறையில் வைக்க வேண்டாம், மெதுவான வேகம், கொஞ்சம் தண்ணீர். முனை வெளியேறும் பக்கத்தில்தான் பாளம் பெயரும், அது ஃபெல்ட்டுக்குள் மறைந்துவிடும்.